கடைசிக் காலப் பராமரிப்பை வீடியோ பார்த்து எவ்வளவு கற்றுக்கொள்ளலாம்?

கேரள எல்லையோரம் எருத்தேம்பதிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பது இது: "மாமனாருக்கு வாய்ப் புற்றுநோய். இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். மூக்கில் குழாய், கன்னத்தில் புண். பகலில் நான் ஒருத்திதான். யூடியூபில் நிறைய வீடியோ இருக்கிறது. எதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது, எதை நம்புவது? வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். அதைக் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். கொடுக்கலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கொடுங்கள். எழுதிய அளவில், எழுதிய நேரத்தில், இன்றைக்கே ஆரம்பியுங்கள். ஏன் என்று கீழே விரிவாகச் சொல்கிறேன்.

நான் கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில் பாலியேட்டிவ் நர்ஸாக, அதாவது நோயாளியின் வலியையும் வேதனையையும் தணிக்கும் பராமரிப்பில், வேலை பார்த்தவள். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, வேலந்தாவளம் என்று தமிழ் பேசும் வீடுகளுக்குத்தான் அதிகம் போயிருக்கிறேன். "செய்வதற்கு ஒன்றும் இல்லை" என்ற வாக்கியத்தை அந்த வீடுகளில் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. கட்டியைக் கரைக்கச் செய்வதற்கு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். வலி, புண்ணின் வாடை, தூக்கமின்மை, மலச்சிக்கல், மூச்சுத் திணறல், படுக்கைப் புண் எல்லாவற்றுக்கும் செய்ய நிறைய இருக்கிறது. அதில் பாதி வேலை டாக்டருடையதே இல்லை, உங்கள் கைவேலை.

வீடியோ உதவுவது அந்தக் கைவேலைக்குத்தான். திருப்பிப் படுக்க வைப்பது, வாய் துடைப்பது, குழாய் வழியே கஞ்சி கொடுப்பது, புண் கட்டுவது எல்லாம் வாயால் சொன்னால் மண்டையில் ஏறாது, கண்ணால் பார்த்தால் ஏறும். மருந்தின் பெயரும் அளவும் மட்டும் வீடியோவிலிருந்து உங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது. நான் பிடிவாதமாகச் சொல்லும் ஒரே விதி இதுதான்.

ஏன் என்றால், ஆங்கிலத்தில் அதிகம் பார்க்கப்படும் வீடியோக்கள் அமெரிக்காவில் ஹாஸ்பிஸ் என்னும் கடைசிக் காலப் பராமரிப்பு நர்ஸ்கள் போடுபவை. நன்றாகவே பேசுகிறார்கள், மரணத்தைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசுவது மனதுக்கு ஆறுதலாகவும் இருக்கும். ஆனால் அந்த ஊர் முறை வேறு. அங்கே அரசு மெடிகேர் திட்டத்தில் ஹாஸ்பிஸ் சேவை கிடைக்க, நோய் தன்போக்கில் போனால் ஆறு மாதத்துக்குள் முடிந்துவிடும் என்று டாக்டர்கள் எழுதித் தர வேண்டும். நோயைக் குணப்படுத்தும் சிகிச்சையையும் விட்டுவிட வேண்டும். நம்மிடம் அப்படி ஒரு கோடு கிடையாது. கீமோ நடக்கும்போதே பாலியேட்டிவ் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். அதைவிட ஆபத்தான வித்தியாசம் மருந்தில் இருக்கிறது. அங்கே வீடுகளில் பெரும்பாலும் செறிவூட்டிய மார்ஃபின் திரவம் கொடுக்கிறார்கள். ஒரு மில்லியில் 20 மில்லிகிராம். சிரிஞ்சில் கால் மில்லி, அரை மில்லி என்று காட்டுவார்கள். உங்கள் கையில் இருப்பது அநேகமாக 10 மில்லிகிராம் மாத்திரை. அவர்கள் சொல்லும் மில்லி கணக்கை வைத்துக்கொண்டு மாத்திரையைக் கரைத்து அளக்க உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

தமிழ் வீடியோக்களில் வேறு சிக்கல். பெரும்பாலானவை தமிழ்நாட்டுக்காரர்களுக்காக எடுத்தவை. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டத்தில் வீட்டுக்கு வந்து நோய்த்தணிப்புப் பராமரிப்புச் செய்வதும் உண்டு. வீடியோவைப் பார்த்துவிட்டு அந்த ஊழியர் நம் வீட்டுக்கும் வருவார் என்று காத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். வரமாட்டார். செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் ரேஷன் கார்டு கேரளத்தினுடையது, உங்களுக்கான ஏற்பாடும் கேரளத்தினுடையதே. அது ஒன்றும் குறைந்த ஏற்பாடு இல்லை. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் போன்றவர்கள் சின்னதாகத் தொடங்கிய வலி நிவாரணச் சங்கம், அடுத்த சில வருடங்களில் மலப்புறம் பக்கம் ஊர்க்காரர்களையே தொண்டர்களாகப் பழக்கி வீடு வீடாகப் போகும் இயக்கமாக வளர்ந்தது. 2008இல் பாலியேட்டிவ் பராமரிப்புக்குத் தனிக் கொள்கை வகுத்த முதல் இந்திய மாநிலம் கேரளம். இன்றைக்குப் பஞ்சாயத்து தோறும் ஒரு பாலியேட்டிவ் சிஸ்டர் இருக்கிறார், ஊர் சுகாதாரத் தொண்டரான ஆஷா ஊழியரோடு வண்டியில் வீட்டுக்கே வருகிறார். காசு கிடையாது.

பிரச்சினை என்னவென்றால், கோயமுத்தூரில் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களின் பெயர், சிஸ்டர் போக வேண்டிய வீடுகளின் பட்டியலில் இருக்காது. அந்த ஆஸ்பத்திரி இந்தப் பஞ்சாயத்துக்குத் தகவல் சொல்லாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல், ஆதார், ரேஷன் கார்டு நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். போக ஆளில்லையென்றால் வார்டு மெம்பருக்கோ ஆஷா ஊழியருக்கோ ஃபோன் போட்டால் போதும். யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை என்றால் கேரள சுகாதாரத் துறையின் திசா உதவி எண் 1056 இருக்கிறது. சிஸ்டர் மலையாளத்தில் பேசுவார், உங்களுக்குப் புரியும். நீங்கள் தமிழில் சொல்வது அவருக்கும் புரியும். மொழியை நினைத்துத் தயங்காதீர்கள். வீடியோவில் பார்த்து வைத்ததை, அவர் வரும்போது அவர் முன்னால் ஒரு தடவை செய்து காட்டி, சரியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மலையாள வீடியோக்களையும் ஒதுக்காதீர்கள். ராஜகோபால் 2003இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய பாலியம் இந்தியா அமைப்பு பராமரிப்பவர்களுக்கு என்றே வெளியிட்டவை இருக்கின்றன. காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் அளவுக்கு மலையாளம் நம் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது?

எந்த வீடியோ நல்லது என்று கண்டுபிடிக்க நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். அதில் காட்டுவது உங்கள் வீடு மாதிரி இருக்கிறதா? பட்டனை அழுத்தினால் தலைப்பக்கம் உயரும் கட்டில், கையுறை போட்ட இரண்டு நர்ஸ்கள், பக்கத்தில் டிராலி என்றால் அது நர்ஸிங் மாணவிகளுக்கானது. உங்களுக்கு வேண்டியது கயிற்றுக் கட்டிலோ மரக் கட்டிலோ, ஒற்றை ஆள், பழைய துணி, ஒரு வாளித் தண்ணீர் வைத்துக் காட்டுவது. அடுத்து, பேசுபவர் யார், எந்த ஆஸ்பத்திரி அல்லது அமைப்பு என்று தெரிய வேண்டும். "எப்போது சிஸ்டரைக் கூப்பிட வேண்டும்" என்று சொல்லாமல் முடிகிற வீடியோ அரைகுறை. முள்சீத்தா இலை, மஞ்சள், கோமியம் என்று நாலாம் கட்டப் புற்றுநோயைக் குணமாக்கிக் காட்டும் வீடியோவை யார் அனுப்பினாலும் திறக்க வேண்டாம். அதில் போகும் பணத்தைவிட, "நாம் இதைச் செய்யாமல் விட்டோமே" என்று பிறகு குடும்பத்துக்குள் வரும் சண்டை பெரிது.

ஒரு நேரத்துக்கு ஒரு வேலையை மட்டும் பாருங்கள். திருப்பிப் படுக்க வைப்பதை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் ஒற்றை ஆளாக இருப்பவர்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இதில்தான். பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்து, அவருடைய தோளிலிருந்து தொடை வரை அடியில் வருகிற மாதிரி விரித்து விடுங்கள். அது அங்கேயே கிடக்கட்டும். உங்கள் பக்கம் திருப்ப வேண்டுமென்றால், உங்களுக்குத் தூரத்தில் இருக்கும் முழங்காலை மடக்கி நிறுத்துங்கள். தூரத்துக் கையை நெஞ்சின்மேல் போடுங்கள். சேலையின் தூரத்து ஓரத்தைப் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள். மடக்கிய முழங்கால் முதலில் சாயும், உடம்பு அதன் பின்னால் தானாக வரும். கையைப் பிடித்து மட்டும் இழுக்காதீர்கள், தோள் இறங்கிவிடும். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இதைச் செய்ய வேண்டும். வாட்டர் பெட் இருந்தாலும் செய்ய வேண்டும். வாட்டர் பெட்டைப் பாலியேட்டிவ் யூனிட்டில் இரவல் கேட்டுப் பாருங்கள், விலைக்கு வாங்கிவிடாதீர்கள். இடுப்பு எலும்பு, குதிகால், பின்மண்டை இந்த இடங்களில் தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். எண்ணெய் போட்டு நீவுவது நம் பக்கத்துப் பழக்கம். சிவந்த இடத்தில் நீவினால் அடிச்சதை இன்னும் நசுங்கும்.

இனி வலி. நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போவது இதற்குத்தான்.

வலியைப் பத்துக்கு எத்தனை என்று கேட்கச் சொல்லி எல்லா வீடியோவிலும் வரும். எழுபது வயதுப் பெரியவரிடம் அப்படிக் கேட்டால் முழிப்பார். ரூபாய்க்கு எத்தனை அணா என்று கேளுங்கள். "பன்னண்டணா இருக்குது கண்ணு" என்று உடனே வரும். பதினாறணா என்றால் முழு ரூபாய், முழு வலி. வாய்ப் புண்ணால் பேச முடியாதவர் என்றால் விரல் காட்டச் சொல்லலாம். அதுவும் முடியாதபோது முகத்தைப் பாருங்கள்: திருப்பும்போது புருவம் நெரிகிறதா, கட்டிலின் சட்டத்தை இறுக்கிப் பிடிக்கிறாரா. காலை, மதியம், ராத்திரி என்று காலண்டரிலேயே எழுதி வையுங்கள். அந்தக் காலண்டர் தாளை சிஸ்டரிடம் காட்டினால் டாக்டர் மருந்தை மாற்ற அதுவே போதும். எப்படிப்பட்ட வலி என்பதும் முக்கியம். குத்தல், கனம் என்று சொன்னால் ஒரு மருந்து. எரிச்சல், கரண்ட் அடித்த மாதிரி, எறும்பு ஊர்கிற மாதிரி என்று சொன்னால் அது நரம்பு வலி, அதற்கு அமிட்ரிப்டிலின், கபாபென்டின் மாதிரியான மாத்திரைகள் சேரும். அமிட்ரிப்டிலினைக் கூகுளில் தேடி "இது மன நோய் மாத்திரையாம்" என்று படித்துவிட்டு நிறுத்திவிடும் வீடுகள் ஏராளம். நரம்பு வலிக்கும் அதே மாத்திரைதான், நிறுத்தாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 1986இல் புற்றுநோய் வலிக்கு ஒரு படிக்கட்டு முறையை வெளியிட்டது. பாரசிட்டமால் வகை முதல் படி, டிரமடால், கோடீன் வகை இரண்டாவது, மார்ஃபின் மூன்றாவது. படிகளைவிட அதோடு சொன்ன வழக்கம் எனக்கு முக்கியமாகப் படுகிறது: முடிந்தவரை வாய் வழியாக, கடிகாரம் பார்த்து. நம் வீடுகளிலோ வலி வந்தபிறகுதான் மாத்திரையைத் தேடுவோம். "இப்ப வலி இல்லீங்க, அதான் குடுக்கல" என்பார்கள். வலி இல்லாமல் இருப்பதே முந்தின மாத்திரையால்தான். சாதாரண மார்ஃபின் மாத்திரை வேலை செய்வது ஏறக்குறைய நாலு மணி நேரம். அதனால்தான் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, ராத்திரி 10 என்று எழுதியிருப்பார்கள். ராத்திரி 10 மணிக்கு இரட்டிப்பாக எழுதியிருந்தால் அது கைத்தவறு இல்லை. நடுராத்திரி 2 மணி மாத்திரையையும் அதோடு சேர்த்து, அவரையும் உங்களையும் தூங்க விடுவதற்கான ஏற்பாடு. இடையில் திடீரென்று வலி கிளம்பினால் கொடுக்க ஒரு கூடுதல் டோஸ் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

குழாய் வழியே கொடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சாதாரண மார்ஃபின் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் விடலாம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதும், மெதுவாகக் கரையும் வகையைப் பொடிக்கவே கூடாது. பொடித்தால் அரை நாளுக்கான மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். அட்டையில் எஸ்.ஆர். என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், சந்தேகமாக இருந்தால் பொடிப்பதற்கு முன் ஃபோன் செய்யுங்கள். கோயமுத்தூரில் சிலருக்குத் தோலில் ஒட்டும் ஃபென்டனில் என்ற வலி மருந்துப் பட்டை எழுதுகிறார்கள். ஒட்டியதும் வலி குறையாது, அரை நாளுக்கு மேல் ஆகும். பெரும்பாலும் மூன்று நாளைக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அதை வெட்டக்கூடாது, அதன்மேல் வெந்நீர்ப் பை வைக்கக்கூடாது, புதியதை ஒட்டும்போது பழையதைக் கழற்றி, ஒட்டும் பக்கத்தை உள்ளே மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

மார்ஃபின் கொடுத்தால் மலச்சிக்கல் நிச்சயம். மற்ற பக்க விளைவுகள் பழகிவிடும், இது பழகாது. கூடவே மலமிளக்கி மாத்திரையும் முதல் நாளிலிருந்தே போக வேண்டும். எழுதவில்லையென்றால் கேளுங்கள். "மார்ஃபின் ஒத்துக்கவில்லை" என்று நிறுத்தியவர்களில் பலருக்கு உண்மையில் ஒத்துக்கொள்ளாதது நாலு நாள் மலம் போகாத வயிறு. குமட்டலும் மயக்கத் தூக்கமும் முதல் சில நாட்களுக்கு இருக்கும். அந்தத் தூக்கத்தைப் பார்த்துத்தான் சொந்தக்காரர்கள் "பார்த்தியா, ஆரம்பிச்சிருச்சு" என்பார்கள். வாரக்கணக்கில் வலியால் தூங்காதவர் வலி அடங்கினால் தூங்கமாட்டாரா? தட்டிக் கூப்பிட்டால் கண் திறந்து பதில் சொல்கிறாரா என்று பாருங்கள், அப்படியென்றால் பயமில்லை. எழுப்பவே முடியவில்லை, மூச்சு மிக மெதுவாகிவிட்டது, கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது, சிறுநீர் ரொம்பக் குறைந்துவிட்டது என்றால் அடுத்த டோஸைக் கொடுப்பதற்கு முன் உடனே கூப்பிடுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மருந்து உடம்பில் தேங்கும்.

"ஏனுங்க சிஸ்டர், இதக் குடுத்தா மாமன் சீக்கிரம் போயிருவாருங்களாமா?" என்று கேட்காத வீடு கிடையாது. வலிக்கு ஏற்ற அளவில் டாக்டர் பார்த்து ஏற்றும் மார்ஃபின் ஆயுளைக் குறைக்காது. இந்தப் பயம் ஏன் வந்தது என்றால், முன்பெல்லாம் மார்ஃபினைச் சாகும் தறுவாயில் மட்டுமே கொடுத்தார்கள். கொடுத்த இரண்டு நாளில் ஆள் போனால் மருந்தின் மேல்தானே பழி விழும்? போதைக்கு அடிமையாவார் என்ற பயமும் அப்படித்தான். புற்றுநோய் வலிக்காக எழுதியபடி எடுப்பவர்கள் அடிமையாவது அபூர்வம். ஆனால் உடம்பு பழகியிருக்கும், அதனால் திடீரென்று நிறுத்தக்கூடாது.

நாம் இப்படிப் பயப்படுவதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. மார்ஃபின் அபினிலிருந்து எடுப்பது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசே அபின் ஆலை நடத்தும் நாடு இது. ஆனால் 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில், மார்ஃபின் வைத்துக்கொள்ள லைசென்ஸ் மேல் லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்ததால் ஆஸ்பத்திரிகள் அதைக் கையால் தொடுவதையே விட்டன. 2014இல் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின் உட்பட ஆறு மருந்துகளை அத்தியாவசியப் பட்டியலில் வைத்து, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் எளிதாக வைத்துக்கொள்ள வழி செய்தார்கள். இப்போதும் மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது, அங்கீகாரம் பெற்ற இடத்தில்தான் வாங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கோயமுத்தூருக்கு ஆள் அனுப்புவது உங்களால் ஆகாது. தாலுக்கா ஆஸ்பத்திரியிலோ பாலக்காடு மாவட்ட ஆஸ்பத்திரியிலோ உள்ள பாலியேட்டிவ் பிரிவில் தொடர்ந்து வாங்க முடியுமா என்று சிஸ்டரிடம் கேளுங்கள். ஏதாவது ஒரே இடத்தில் வாங்குங்கள், இரண்டு இடத்தில் வாங்கினால் கணக்கும் டோஸும் குழம்பும். எல்லை தாண்டி வேலந்தாவளம் வழியாக மாத்திரை கொண்டுவருபவர் கையில் மருந்துச் சீட்டும் நோயாளியின் சிகிச்சை அட்டையும் இருக்கட்டும். நோயாளிக்காக எழுதிய மருந்தைச் சீட்டோடு கொண்டுவருவதில் குற்றம் ஒன்றும் இல்லை.

கன்னத்துப் புண்ணுக்கு வருகிறேன். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டு ஆற வைத்தால் கழுவுவதற்கு அதுவே போதும். டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம். ஒட்டிய துணியை வெடுக்கென்று பிய்க்காமல் அந்த உப்புத் தண்ணீரில் ஊற வைத்து எடுங்கள். கட்டுப் பிரிப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் வலி மருந்து போயிருக்கும்படி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். வாடை அடித்தால் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவுவது பாலியேட்டிவில் வெகு காலமாக இருக்கும் முறை, சிஸ்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஊதுவத்தி கொளுத்தினால் மூச்சுத் திணறும். கட்டிலுக்கு அடியில் ஒரு தட்டில் அடுப்புக்கரி வைத்தால் வாடையை ஓரளவு இழுக்கும். பகலிலும் கொசுவலை கட்டுங்கள், ஈ உட்கார்ந்தால் புழு வைத்துவிடும். வைத்துவிட்டாலும் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், சிஸ்டர் இதைப் பார்க்காதவர் இல்லை. வாய், கழுத்துப் புண்ணில் இரத்தம் கசியலாம், சில சமயம் வேகமாகவும் வரலாம். கருஞ்சிவப்பு நிறத்தில் இரண்டு துண்டு கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். அழுத்திப் பிடிக்கலாம், வெள்ளைத் துணியில் பரவுவதைப் பார்த்து அவரும் நீங்களும் மிரளவும் வேண்டாம். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் வரட்டும், இது ஒட்டுவது இல்லை.

குழாயில் கொடுக்கும்போது தலைப்பக்கம் நன்றாக உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்து அரை மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். வடிகட்டிய கஞ்சி, பால், மோர் எதுவானாலும் முன்னும் பின்னும் கொஞ்சம் வெறும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள். மூக்கருகே குழாயில் பேனாவால் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு தடவையும் கோடு அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். குழாய் வெளியே வந்துவிட்டால், அதைத் திரும்பப் போடுவது எப்படி என்று ஒரு வீடியோ கிடைக்கும். கட்டாயம் கிடைக்கும். தயவுசெய்து அதைப் பார்த்து முயற்சி செய்யாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விட்டால் கஞ்சி அங்கே இறங்கும்.

அவரிடம் நோயைச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கோயமுத்தூர் வரை போய் ரேடியேஷன் எடுத்தவருக்குத் தெரியாமல் இருக்காது. அவராகக் கேட்டால் பொய் சொல்ல வேண்டாம், "உங்களுக்கு என்ன தோணுதுங்க மாமா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுக் காது கொடுங்கள். நிலம், கடன், யாரிடமாவது பேசாமல் இருப்பது என்று ஏதாவது வெளியே வரும். வெண்டிலேட்டர் வேண்டாம் என்பது போன்ற விருப்பத்தை எழுதி வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018இல் ஒப்புக்கொண்டு, 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி கையெழுத்து போதும். வீட்டில் எல்லோரும் கூடி ஒரே முடிவாக இருந்தால் நடைமுறையில் அதுவே பெரிய விஷயம். ஏனென்றால், அதுவரை எட்டிப் பார்க்காத ஒரு தூரத்துச் சித்தப்பா கடைசி ராத்திரியில் வந்து "ஐ.சி.யூ.வுக்குக் கொண்டு போகாம என்னடா பாக்கறீங்க" என்று சத்தம் போடுவார். அவரை முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்லி வையுங்கள்.

கடைசி நாட்களில் தூக்கம் கூடும், சிறுநீர் குறையும், பாதம் சில்லிடும், மூச்சு விட்டு விட்டு வரும். பசி இருக்காது. "பட்டினி போட்டுச் சாகடிக்கிறீங்களா" என்று கேட்பார்கள், குளுக்கோஸ் ஏற்றச் சொல்வார்கள். உடம்பு அடங்கும்போது உணவைக் கேட்பதில்லை. அந்த நேரத்தில் ஏற்றும் தண்ணீர் கால் வீக்கமாகவும் தொண்டைச் சளியாகவும்தான் தேங்கும். குழாயில் கொடுப்பதையும் எப்போது குறைப்பது என்று சிஸ்டரிடம் கேளுங்கள். தொண்டையில் கர்கர் என்று சத்தம் வரும். கேட்பவர்களுக்குத்தான் அது பெரிய வேதனை, பெரும்பாலும் அவருக்கு அது தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அந்தச் சத்தம் குறைய மருந்தும் உண்டு. மூச்சு முட்டினால் ஃபேன் காற்று முகத்தில் படட்டும். மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், முனக முடியாதவருக்கும் வலி இருக்கும்.

பால் ஊற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை. அதைச் செய்யாமல் இருக்க நம் ஜனங்களுக்கு மனது வராது, வேண்டாம் என்று நான் யாரிடமும் சொன்னதும் இல்லை. ஆனால் விழுங்க முடியாதவர் வாயில் ஸ்பூனால் ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்ப் புரையேறித் திணறுவார். விரல் நுனியில் தொட்டு உதட்டில் தடவச் சொல்லுங்கள். வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் அப்படிச் செய்யலாம். அவர் காதருகே பேசுகிறவர்கள் அவருக்குக் கேட்கிறது என்றே வைத்துக்கொண்டு பேசட்டும். சொத்துப் பேச்சு திண்ணையில்.

பிறகு செய்ய வேண்டியதையும் எழுதிவிடுகிறேன், அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வராது. இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். வீட்டில் என்றால் உங்கள் பஞ்சாயத்தில், கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் என்றால் அந்த ஊரில். 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் அலைச்சல் இல்லை. எல்லை தாண்டிப் பதிவாகிவிட்டால் பென்ஷனுக்கும் பட்டா மாற்றத்துக்கும் இரண்டு மாநில அலுவலகங்களுக்கு நடக்க வேண்டிவரும். இறப்புக்கான காரணம் எழுத டாக்டர் கேட்பார், டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வைத்திருங்கள். மிச்சமிருக்கும் மார்ஃபினை எண்ணி, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டில் யாருக்காவது வலி என்று கேட்டாலும் தர வேண்டாம், அவர்களைச் சிஸ்டரிடம் அனுப்புங்கள். வாட்டர் பெட்டைத் தண்ணீர் வடித்து, துடைத்து, நிழலில் காய வைத்து ஒப்படையுங்கள். அதற்கு அடுத்த வீட்டில் ஆள் காத்திருப்பார்.